இந்தக் கத்தி யாரைக் கீறியது?

(பழம்பொருள் சேகரிப்போரும் வரலாற்று மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரையில் இருக்கும் பொருளை முதலில் ஒரு நிமிடம் பேசாமல் பாருங்கள். மூடியிருக்கும்போது ஏறத்தாழ நான்கு அங்குல நீளம். இரு பக்கமும் பித்தளைத் தகடு. ஒரு முனையில் மட்டும் ஓர் ஆணி. அந்த ஆணியை அச்சாகக் கொண்டு உள்ளிருந்து மூன்று உருக்கு அலகுகள் விசிறிபோல் விரிகின்றன. கத்தி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அலகின் ஓரம் நெடுகப் பார்த்தால் எங்கும் கூர்மை கிடையாது. தட்டையான உருக்குச் சட்டம், அவ்வளவுதான். நுனிக்குச் சற்று முன்னால், ஒரு பக்கத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணப் பல் துருத்திக்கொண்டு நிற்கிறது. கூர்மை முழுவதும் அந்தப் பல்லில்தான் இருக்கிறது. மூன்று அலகிலும் பல் ஒரே வடிவம். அளவு மட்டும் வேறு வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகள் இவ்வகைக் கருவிகளை ஏராளமாகச் செய்தன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய வீட்டுப் பரண்களிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் இன்றும் அகப்படுகின்றன. கண்டெடுத்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தோல் தைப்பவரின் கருவி என்பார் ஒருவர். கயிறு அறுப்பது என்பார் இன்னொருவர். விற்பனைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே பெயர்தான்: போர்க்கள அறுவை மருத்துவரின் கத்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் அறுத்தது என்று ஒரு சீட்டும் ஒட்டிவிட்டால் விலை ஏறிவிடும். எனக்கு இது வெறும் வியாபாரப் பொய்யாகத் தெரியவில்லை. அந்தச் சீட்டு ஒட்டப்படும் கணத்தில், அந்தக் கருவியை உண்மையில் கையாண்ட ஒரு மனிதரும், அதன் கீழ் நின்ற ஓர் உயிரும் வரலாற்றிலிருந்து அழிக்கப்படுகிறார்கள்.

ஆகவே நான் இன்று உங்களிடம் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால் அதற்கு உடனே பெயர் வைக்காதீர்கள். இது உடம்பில் எப்படிப்பட்ட காயத்தை உண்டாக்கும் என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கையால் அழுத்தியா, இழுத்தா, தட்டியா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பெயர் தானாக வரும்.

இந்தப் பல்லையே எடுத்துக்கொள்வோம். இதை வைத்து எதையும் இழுத்து அறுக்க முடியாது. அலகின் சட்டம் குறுக்கே வந்து தடுக்கும். குத்தவும் முடியாது, கூர்மை நுனியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. தோலின்மேல் பல்லை வைத்து, அலகின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் மட்டும்தான் இது வேலை செய்யும். தட்டியதும் பல் உள்ளே இறங்கும். பல் முழுதும் இறங்கியதும் தட்டையான சட்டம் தோலில் முட்டி நின்றுவிடும். எவ்வளவு பலமாகத் தட்டினாலும் பல்லின் உயரத்துக்கு மேல் ஆழமாகப் போகாது. செய்தவர் ஆழத்தை முன்கூட்டியே முடிவு செய்து உருக்கில் வடித்துவிட்டார். மூன்று அளவில் மூன்று பல் இருப்பதன் காரணமும் இதுதான்: தோலின் தடிப்பும் ரத்தக்குழாய் கிடக்கும் ஆழமும் உயிருக்கு உயிர் மாறும்.

இதன் பெயர் ஃப்ளீம். குதிரைக்கும் மாட்டுக்கும் ரத்தம் வடிக்கும் கருவி. குதிரையின் தலையை ஒருவர் பிடித்துக்கொள்வார். வைத்தியம் பார்ப்பவர், பல நேரங்களில் லாடம் கட்டும் கொல்லரே, இடது கையில் ஃப்ளீமைப் பிடித்து, அதே கையின் கடைசி இரு விரல்களால் கழுத்துச் சிரையை அழுத்துவார். இதயத்தை நோக்கி இறங்கும் ரத்தம் தடைபட்டு, அழுத்திய இடத்துக்கு மேலே சிரை கயிறு தடிமனுக்குப் புடைக்கும். அந்தப் புடைப்பின்மேல், சிரையின் நீளவாக்கிலேயே பல்லை வைத்து, வலது கையிலுள்ள கட்டையான மரத்தடியால் ஒரே தட்டு. கனத்துக்காகச் சில தடிகளில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். நான்கைந்து லிட்டர் வாளியில் இறங்கியதும் விரலை எடுத்து, காயத்தின் இரு உதடுகளையும் சேர்த்து ஒரு குண்டூசியைச் செருகி, குதிரை வால் மயிரையோ சணல் நாரையோ அதன்மேல் எட்டு வடிவில் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஏறத்தாழ 40 லிட்டர் ரத்தம் உண்டு என்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இவ்வளவு தெரிந்தபின் கருவியைத் திருப்பி அலகின் முதுகைப் பாருங்கள். பல்லுக்கு நேர் எதிரே, சில கருவிகளில், விளிம்பு சற்றே நசுங்கி மழமழவென்று இருக்கும். மற்ற இடமெல்லாம் துருவேறிக் கறுத்திருக்க அந்த ஓர் இடம் மட்டும் வேறாகத் தெரியும். அது தடி விழுந்த தழும்பு. மூன்று அலகில் எந்த அலகில் தழும்பு அதிகம் என்று பார்த்தால், அந்தப் பண்ணையில் எந்த விலங்குக்கு அதிகம் வைத்தியம் நடந்தது என்றுகூட ஊகிக்க இடம் இருக்கிறது. விலைச் சீட்டு இதில் எதையும் சொல்லாது.

மனிதருக்கு ரத்தம் வடித்த கருவி வேறு. அதன் பெயர் லான்செட். அது மிகச் சிறியது. இலை வடிவில், இரு பக்கமும் கூர் கொண்ட ஒற்றை அலகு. அதன் இரு பக்கமும் ஆமையோட்டிலோ கொம்பிலோ தந்தத்திலோ செய்த இரண்டு மெல்லிய தகடுகள். இந்தத் தகடுகளும் ஓர் ஆணியில் தளர்வாகச் சுழலும். மறுமுனையில் கட்டு இருக்காது. மருத்துவர் தகடுகளை ஒதுக்கிவிட்டு அலகையே கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, முழங்கை மடிப்பில் புடைத்த சிரையில் மெல்லச் செருகி எடுப்பார். ஆழம் முழுக்க அவர் விரல்களின் பொறுப்பு. ஃப்ளீமில் உருக்கு செய்த முடிவை லான்செட்டில் மனித விரல் செய்தது. நுனிகளிலும் வகை உண்டு: பிரெஞ்சு மருத்துவர்கள் அகன்ற நுனியை வாற்கோதுமை மணி என்றும், அதைவிடக் குறுகியதை ஓட்ஸ் மணி என்றும், மிகக் கூரானதைப் பாம்பு நாக்கு என்றும் பிரித்துச் சொன்னார்கள். மேலே கிடக்கும் சிரைக்கு ஒன்று, ஆழத்தில் கிடப்பதற்கு ஒன்று. நாலைந்து லான்செட்டுகளை ஒரு வெள்ளிச் சிமிழில் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அக்கால மருத்துவர் வீட்டை விட்டுக் கிளம்புவார். 1823இல் லண்டனில் தாமஸ் வேக்லி தொடங்கிய மருத்துவ இதழுக்கு ‘லான்செட்’ என்றே பெயர் வைத்தார் என்றால், அந்தச் சிறு கத்தி மருத்துவத் தொழிலுக்கே அடையாளமாக இருந்தது தெரிகிறது அல்லவா?

தட்டி வெட்டும் முறை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. சுசுருத சம்ஹிதையில் குடாரிகை என்று ஒரு கருவி வருகிறது. கோடரி வடிவம். இடக்கையால் சிரையின்மேல் வைத்து, வலக்கை விரலால் சுண்டித் தட்ட வேண்டும் என்கிறது அந்நூல். நம் சித்த மருத்துவமும் குருதி வாங்கலைப் புறமருத்துவ முறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. சிரையைத் திறக்க வேண்டும், ஆனால் அதைத் தாண்டி ஆழமாகப் போகக் கூடாது என்ற ஒரே சிக்கலுக்கு இரண்டு நிலத்துக் கைவினைஞர்கள் கிட்டத்தட்ட ஒரே விடையைக் கண்டார்கள். எனக்கு இது பெரிய வியப்பு.

ஏன் இத்தனை ரத்தம் வடித்தார்கள்? உடம்பிலுள்ள நீர்களின் சமநிலை குலைவதே நோய், ரத்தம் வடித்தால் அது சரியாகும் என்ற கிரேக்கக் கொள்கை இரண்டாயிரம் ஆண்டு ஆட்சி செய்தது. அதன் விலையைச் சொல்ல ஓர் உதாரணம் போதும். 1799 டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை அடைப்பால் இறந்தார். அன்று மருத்துவர் வந்து சேரும் முன்பே, அவரே கேட்டுக்கொண்டபடி, தோட்டத்துக் கண்காணிப்பாளர் முதல் முறை ரத்தம் வடித்தார். பிறகு மருத்துவர்கள் மேலும் வடித்தார்கள். மொத்தம் இரண்டு லிட்டருக்கும் மேல். முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் கையில் முதலில் கத்தி வைத்தவர் மருத்துவரே அல்லர் என்பதைக் கவனியுங்கள். ஆகையால் ஒரு லான்செட் கிடைத்தால் அதன் உரிமையாளர் மருத்துவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றுகூட உறுதியாகச் சொல்ல இயலாது. பாரிசில் மருத்துவர் பியர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்குப் போட்டு, நுரையீரல் அழற்சியில் ரத்தம் வடிப்பதால் பெரிய பயன் இல்லை என்று 1835இல் நூலாக எழுதினார். அதன் பிறகும் வழக்கம் உடனே நிற்கவில்லை. மனிதருக்கு நின்ற பிறகும் குதிரைக்கு நெடுநாள் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கால்நடைக் கருவி விலைப்பட்டியல்களில்கூட ஃப்ளீம் இருக்கிறது.

மடக்கும் கருவிகளில் எனக்குக் கையில் எடுக்கவே மனம் வராத ஒன்று உண்டு. ஆமையோட்டுப் பிடி; நீண்ட காம்பு; காம்பின் முனையில் குறுக்காக ஒரு சின்னஞ்சிறு அலகு. சில கருவிகளில் அந்த அலகு இதய வடிவத்தில் இருக்கும். அழகான பொருள். எதற்கு? பல் முளைக்காத குழந்தையின் ஈறைக் கீறுவதற்கு. காய்ச்சல், வலிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் பல் முளைப்பதே காரணம் என்று நம்பிய காலம் அது. இங்கிலாந்தின் இறப்புப் பதிவேட்டில் பல் முளைத்தல் ஒரு சாவுக் காரணமாகவே பதியப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அம்புரோவாஸ் பாரே என்ற பெரிய பிரெஞ்சு அறுவை மருத்துவரே ஈறு கீறுவதைப் பரிந்துரைத்தார். முந்நூறு ஆண்டுக்கு மேல் அது நடந்தது. காம்பு ஏன் நீளம், அலகு ஏன் இவ்வளவு சிறிது, ஏன் குறுக்காகத் திரும்பி நிற்கிறது? ஒரு கைக்குழந்தையின் வாயைக் கற்பனை செய்தால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

இனிக் காலம். கருவியின் வயதை அறிய முதலில் பிடியைப் பாருங்கள். தந்தம், கொம்பு, ஆமையோடு, கருங்காலி எல்லாம் கொதிநீரில் கெட்டுப்போகும். 1867இல் ஜோசஃப் லிஸ்டர் கிருமி எதிர்ப்பு முறையை வெளியிட்டார். 1880களில் பெர்லினில் அறுவை மருத்துவர் பெர்க்மன் நீராவியால் கருவிகளைத் தூய்மை செய்யத் தொடங்கினார். அதன்பின் அறுவைக் கருவிகள் பிடியிலிருந்து நுனி வரை உலோகமாகவே மாறின. அழுக்குத் தங்கும் மடிப்பும் மூட்டும் குறைந்தன. ஆகவே ஆமையோட்டுப் பிடியுள்ள மடக்குக் கத்தி என்றால் அதன் வடிவமைப்பு அந்த மாற்றத்துக்கு முந்தையது. நிக்கல் முலாம் பூசியது என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அல்லது அதற்குப் பின். துருப்பிடிக்காத உருக்கு என்றால் 1913க்கு முன் வாய்ப்பில்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதை வார்த்த ஆண்டு அது.

பிடி எதனால் ஆனது என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும். எலும்பில் கரும்புள்ளிகளும் நுண்கோடுகளும் தெரியும். அவை ரத்தக்குழாய் ஓடிய தடங்கள். தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை பின்னியிருக்கும். ஆமையோடு போலவே தெரியும் செல்லுலாய்டு 1870 வாக்கில் வந்தது. விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாடை வரும்.

அடுத்து முத்திரை. அலகின் அடிப்பகுதியில், ஆணிக்குப் பக்கத்தில், துருவுக்குள் எழுத்துகள் ஒளிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அவற்றின் நிழல் எழும். மகுடத்துக்கு இரு புறமும் டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் நான்காம் வில்லியமின் காலம், 1830 முதல் 1837 வரை. வி, ஆர் என்றால் விக்டோரியா, 1837க்குப் பின். இங்கிலாந்து என்று நாட்டின் பெயரும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 1890களோ அதற்குப் பின்னரோ; இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. கடையின் தெரு முகவரி இருந்தால் அது பெரும் பேறு. லண்டனின் புகழ்பெற்ற ஜான் வைஸ் நிறுவனம் நெடுங்காலம் ஸ்ட்ராண்ட் சாலையில் இருந்துவிட்டுப் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குப் போனது. எந்த முகவரி பொறித்திருக்கிறது என்பதைக் கொண்டே கருவியின் தலைமுறையைச் சொல்லிவிடலாம்.

இந்த முத்திரைகளில் அடிக்கடி தென்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ‘காஸ்ட் ஸ்டீல்’, வார்ப்பு உருக்கு. இதில் நமக்கு நேரடியான பங்கு உண்டு என்பதால் சற்று நின்று சொல்கிறேன். மூசையில் வைத்து உருக்கை உருக்கும் முறையை ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் நிலைநாட்டினார். ஆனால் மூசை உருக்கு அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியாவில் இருந்தது. சேலம் வட்டாரம் அதற்குப் பேர்போனது. ஐரோப்பியர் அதை ஊட்ஸ் என்றார்கள். 1790களில் அது லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனபோது, அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட். அவர் ஸ்ட்ராண்டில் கடை வைத்திருந்த, அறுவைக் கருவிகள் செய்பவர். மிக நுண்ணிய கூர் வேண்டிய அலகுகளுக்கு ஐரோப்பாவின் எந்த உருக்கையும்விட ஊட்ஸே சிறந்தது என்று அவர் தம் கடை விளம்பரத்திலேயே அச்சிட்டார். பிறகு மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார். லண்டன் மருத்துவர் ஒருவரின் வெள்ளிச் சிமிழில் கிடந்த லான்செட்டின் நுனியில் நம் உலைக்காரர்களின் உழைப்பு இருந்திருக்க முடியும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. சென்னை மாகாண அரசுப் பணியை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் பின்னர் ஷெஃபீல்டுக்குப் போனார். உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் வார்ப்பு உருக்கு மலிவானதில் அந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஏழைப் பண்ணைக்காரன்கூட ஒரு ஃப்ளீம் வாங்கி வைத்திருந்ததற்குப் பின்னால் பரங்கிப்பேட்டையில் பட்ட பாடும் கொஞ்சம் இருக்கிறது.

மருத்துவத்தோடு தொடர்பே இல்லாமல் மருத்துவக் கருவி என்று விற்கப்படுபவையும் நிறைய. வேல் வடிவச் சிறு அலகும் எலும்புப் பிடியும் கொண்டது ஒன்று. அது எழுத்தர்கள் காகிதத்திலிருந்து மைப்பிழையைச் சுரண்டிய கத்தி. பிடியின் முனை தட்டையாகவும் மெலிந்தும் இருந்தால் அது பெரும்பாலும் ஒட்டுக்கட்டும் தோட்டக்காரரின் கத்தி. அந்தத் தட்டை முனை மரப்பட்டையை நெம்பித் தூக்குவதற்கு. அலகு நடுவில் வளைந்து நுனியில் சிறு குமிழோடு முடிந்தால் மட்டும் அறுவை மருத்துவரை நினைக்கலாம். அது பிஸ்டூரி, சீழ்க்குழிக்குள் விட்டுக் கீறும்போது எதிர்ச்சுவரைக் குத்தாமலிருக்க அந்தக் குமிழ். இங்கும் காயத்தைக் கேட்டுத்தான் விடை பெறுகிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் ரத்தம் வடிக்கும் கருவிகளுக்கென்றே 1979இல் படங்களுடன் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டிருக்கிறது. ஹென்றி வெல்கம் சேர்த்த பெருந்தொகுப்பு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் குடும்பங்களிலும் இப்படிப்பட்டவை இருக்க நியாயம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் படித்தவர்களும் சென்னை மாகாண மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களும் கருவிப் பெட்டி வைத்துத்தான் தொழில் செய்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இந்த அரங்கிலேயே இருக்கலாம்.

அப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் சில காரியங்கள் செய்ய வேண்டாம். சாணை பிடிக்க வேண்டாம். தீட்டிய கூர் எப்படி இருந்தது என்ற சான்று போய்விடும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம், முத்திரை தேய்ந்துவிடும். அலகை வெறும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். நூறாண்டு கடந்தும் கூர் மாறாதவை உண்டு. உலர்ந்த துணியால் தூசி துடைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தந்தமோ ஆமையோடோ இருந்தால் விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் சட்டத் தடை உண்டு. நூறாண்டைக் கடந்த கலை, கைவினைப் பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, திறந்தும் மூடியும் படம் எடுத்து, அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து விசாரியுங்கள். யாருடையது, எந்த ஊரில் தொழில் செய்தார், மனிதருக்கா கால்நடைக்கா, யாரிடமிருந்து வந்தது என்று அவர்கள் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கருவியோடு சேர்த்து அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். உருக்கும் பித்தளையும் இன்னும் இருநூறு ஆண்டு இருக்கும். அவற்றின் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.